ஆம்பியும் பழந்தமிழர் உணவும்

காளானைச் சங்கப் பனுவல்கள் ஆம்பி என்னும். குமணனைப் பாடிய பெருந்தலைச் சாத்தனார், சமைத்தலை மறந்த அடுப்பில் ஆம்பி பூத்தமை கூறித் தம் வறுமையைப் புலப்படுத்தினார் (புறம். 164). சிறுபாணாற்றுப்படையிலும் சிதல் அரித்த அட்டிற் சுவரில் காளாம்பி உண்டு. இல்லாளோ அதனைத் தீண்டாது, குப்பைவேளைக் கீரையைக் கொய்து உப்பின்றி அட்டாள். இதுகொண்டு பழந்தமிழர் காளான் உண்டிலர் எனத் துணிதல் பொருந்தாதென்பது எம் கருத்து. சுவர்த் துகளிற் பூத்தது உள்ளே புழையுடையது. சவ்வாது மலை போன்ற இடங்களில் மழைக்குப்பின் எழும் புற்றுக்காளானோ மண்ணுள் நெடிது இறங்கும் தாளுடையது, உண்ணத்தக்கது. அது வளர்ப்புக்கு எளிதில் இணங்குவதன்று. இன்று வைக்கோலிற் பயிராவன சிப்பிக்காளானும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்ட ஏ.பி.கே.2 என்னும் பால்காளானுமாம். இவற்றில் புரதமும் நார்ப்பொருளும் உண்டு, கொழுப்புக் குறைவு. வெயிலில் உலர்த்தினால் உயிர்ச்சத்து ‘டி’ மிகும்.