மேற்கோளின் முகவரி: சட்ட எழுத்தில் ஆய்விதழ்க் கட்டுரைகளைச் சுட்டும் முறை – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மேற்கோள் காட்டுதல் தமிழ்ப் புலமை மரபுக்குப் புதியதன்று. தொல்காப்பிய உரையாசிரியர்கள் விதி ஒவ்வொன்றுக்கும் செய்யுள் காட்டி விளக்கினர். எனினும் அச்செய்யுள் எந்நூலைச் சார்ந்தது என்பதைப் பல இடங்களில் அவர்கள் கூறவில்லை. அக்காலத்து மாணவர்க்கு அது மனப்பாடமாக இருந்தமையால் கூற வேண்டிய தேவையும் எழவில்லை. பின்னாளில் உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளில் அம்மேற்கோள்களின் இடத்தைத் தேடித் தேடிக் குறிக்க வேண்டியதாயிற்று. தகடூர் யாத்திரை போன்ற நூல்கள் இன்று மேற்கோள்களின் வழியாகவே எஞ்சியுள்ளன என்பதை மயிலை சீனி. வேங்கடசாமியின் 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' (1959) எடுத்துக்காட்டுகிறது. மேற்கோள் ஒரு நூலைக் காக்கவும் வல்லது. முகவரி இன்றேல் அதனை மறைக்கவும் வல்லது. சட்டத்துறை இச்சிக்கலை எவ்வாறு எதிர்கொண்டது என்பதை இரண்டு வழக்குகளின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எலெக்ட்ரானிக் சிட்டியும் 1890ஆம் ஆண்டுக் கட்டுரையும்

பெங்களூரின் தெற்கே, கோணப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் ஆகிய ஊர்களில் 332 ஏக்கர் நிலப்பரப்பில் 1978இல் தோன்றியது எலெக்ட்ரானிக் சிட்டி. கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் இதனை உருவாக்கியது. இங்குத் தலைமையகம் கொண்டுள்ள இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் நிறுவனர்களுள் ஒருவரான நந்தன் நீலகேணி, 2009இல் ஆதார் திட்டத்தை நடத்தும் ஆணையத்தின் தலைவரானார். அத்திட்டத்தை எதிர்த்து 2012இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியவர், கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதியரசர் கே.எஸ்.புட்டசாமி. திட்டத்தின் முதல் தலைவரும் அதனை எதிர்த்த முதன்மை மனுதாரரும் பெங்களூரைச் சார்ந்தோராக அமைந்தமை குறிப்பிடத்தக்கது.

அவ்வழக்கில் தனியுரிமை அடிப்படை உரிமையா என்னும் வினா எழுந்தது. ஒன்பது நீதியரசர் கொண்ட அமர்வு 24.8.2017 அன்று 'ஆம்' என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பில் சுட்டப்பட்ட எழுத்துகளுள் ஒன்று, சாமுவேல் வாரன், லூயி பிராண்டைஸ் ஆகிய இருவரும் 1890இல் எழுதிய 'தி ரைட் டு பிரைவசி' என்னும் ஆய்விதழ்க் கட்டுரை. அதனைச் சட்ட உலகம் பின்வருமாறு சுட்டும்:

4 ஹார்வர்டு லா ரெவியூ 193, 195 (1890).

முதலில் நிற்கும் 4 தொகுதி எண். அடுத்து இதழின் பெயர். 193 கட்டுரை தொடங்கும் பக்கம். 195 கருத்து இடம்பெறும் பக்கம். அடைப்புக்குள் ஆண்டு. இவ்வரிசை 1926இல் ஹார்வர்டில் தோன்றிய 'புளூபுக்' என்னும் கையேட்டின் வழிப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டு முறையோ ஆண்டை முன்னே வைக்கும். தொகுதிக்குத் தனி எண் இருந்தால் ஆண்டை வளைவடைப்பிலும், ஆண்டே தொகுதியை அடையாளப்படுத்தினால் சதுர அடைப்பிலும் இடும். வடிவம் வேறுபடினும் நோக்கம் ஒன்றே: படிப்பவர் அப்பக்கத்தை எடுத்துச் சரிபார்க்க இயல வேண்டும்.

சரிபார்த்தலின் பயன் இக்கட்டுரையிலேயே விளங்குகிறது. 'தனித்திருக்க விடப்படும் உரிமை' என்னும் புகழ்பெற்ற தொடரை வாரனும் பிராண்டைஸும் ஆக்கியதாகப் பலர் எழுதுவர். ஆனால் 195ஆம் பக்கத்தைப் புரட்டுவோர், அவர்களே அத்தொடரை நீதிபதி தாமஸ் கூலிக்கு உரியதாக்கியிருப்பதைக் காண்பர். கூலியின் தீங்கியல் சட்ட நூலின் இரண்டாம் பதிப்பு, பக்கம் 29 என்று அடிக்குறிப்பு கூறும். மூலத்தைப் பாராமல் பிறர் எழுதியதைப் பார்த்து எழுதுவோர், கொடுத்தவரை விட்டுக் கொண்டவரைப் போற்றுகின்றனர்.

சென்னையில் அச்சான ஒரு கட்டுரை

இரண்டாவது சான்று தமிழகத்தோடு தொடர்புடையது. ஹைடெல்பர்க் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜெர்மானிய அறிஞர் டீட்டர் கான்ராட், 1965இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில், அரசியலமைப்பைத் திருத்தும் அதிகாரத்துக்கு உள்ளார்ந்த வரம்பு உண்டு என உரையாற்றினார். ஏ.கே.கோபாலன் வழக்கில் (1950) வாதிட்ட எம்.கே.நம்பியார் அக்கருத்தைக் கோலக்நாத் வழக்கில் (1967) முன்வைத்தார். நீதிமன்றம் அதன் வலிமையை ஏற்றுக்கொண்டபோதிலும் அவ்வழக்கில் அதனை முடிவு செய்யவில்லை.

பின்னர்க் கான்ராட் எழுதிய கட்டுரை, சென்னையிலிருந்து வெளிவந்த 'இந்தியன் இயர் புக் ஆஃப் இன்டர்நேஷனல் அஃபேர்ஸ்' 1966–67 தொகுதியில் 375ஆம் பக்கத்திலிருந்து வெளியாயிற்று. 24.4.1973 அன்று பதின்மூவர் அமர்வு ஏழுக்கு ஆறு என்னும் பெரும்பான்மையில் வழங்கிய கேசவானந்த பாரதி தீர்ப்பில், நீதியரசர் எச்.ஆர்.கன்னா அக்கட்டுரையை எடுத்தாண்டார். அமைப்புக்குள் தோன்றிய திருத்தும் அவை, தன்னைத் தாங்கும் தூண்களையே மாற்ற இயலாது என்பது அதன் சாரம். அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பு என்னும் கோட்பாடு அத்தீர்ப்பில் நிலைபெற்றது.

இங்கு மேற்கோள் முறையின் நுட்பம் சோதனைக்குள்ளாகிறது. உரையும் கட்டுரையும் ஒன்றல்ல, தலைப்பும் வேறு. 1965 என்னும் ஆண்டைக் கட்டுரைக்கு இட்டால், நம்பியார் வாதிட்ட காலத்துக்கு முன்பே அக்கட்டுரை அச்சில் இருந்ததாகப் பொருள்பட்டு, வரலாறே பிறழும். 1966–67 என்பதில் ஓராண்டை விட்டால் நூலகத்தில் தொகுதி கிடைக்காது. 'சென்னை' என்னும் இடப்பெயரை விட்டுப் பெயரையும் சுருக்கினால், 1960 முதல் தில்லியிலிருந்து வெளிவரும் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் இன்டர்நேஷனல் லா' என்னும் இதழோடு மயங்கும். ஒரு நாட்டின் அரசியலமைப்பைக் காத்த கருத்தின் பிறப்பிடத்தை அறிய நமக்கிருக்கும் வழி, அந்த ஓரடிக் குறிப்பே.

மின்னணுக் காலத்தில்

இந்தியத் தீர்ப்புகளை ஏ.ஐ.ஆர். (1914 முதல்), எஸ்.சி.சி. (1969 முதல்) எனப் பல தனியார் தொகுப்புகள் வெளியிட்டமையால் ஒரே தீர்ப்புக்குப் பல முகவரிகள் ஏற்பட்டன. கேசவானந்த பாரதி தீர்ப்பு ஏ.ஐ.ஆரில் 1973 எஸ்.சி. 1461, எஸ்.சி.சி.யில் (1973) 4 எஸ்.சி.சி. 225. இக்குழப்பத்தைத் தவிர்க்க 2023இல் உச்ச நீதிமன்றம் பதிப்பகம் சாராத பொது மேற்கோள் எண்ணை அறிமுகப்படுத்தியது.  இணைய முகவரி மாறும், பக்கம் மாறுவதில்லை. எனவே இணையத்தில் படித்தாலும் தொகுதி, பக்கம், ஆண்டு ஆகியவற்றைக் குறித்தலே தக்கது.

முடிவுரை

தமிழாய்வேடுகளில் 'மேலது', 'முன்னது' எனக் குறிப்புகள் பெருகியும், முதற் குறிப்பில் பக்க எண் இல்லாமையை இக்கட்டுரையாளர் பலமுறை கண்டதுண்டு. இதனைச் சிறு குறையாகக் கருதிக் கடந்துசெல்கிறோம். ஆசிரியர், தலைப்பு, தொகுதி, இதழ், இடம், ஆண்டு, தொடக்கப் பக்கம், கருத்துப் பக்கம் ஆகியவற்றைப் பதிதல். மூலத்தைக் காணாதவிடத்துக் கண்ட நூலையே சுட்டுதல். உரை, கட்டுரை, மறுபதிப்பு ஆகியவற்றை வேறுபடுத்துதல் – இம்மூன்றும் சட்டத்துறையிடமிருந்து நாம் கொள்ளத்தக்கன. உரையாசிரியர்கள் பெயர் கூறாது விட்ட செய்யுள்களைத் தேடிச் சாமிநாதையர் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டார். நமக்குப் பின் வருவோர்க்கு அத்தகைய உழைப்பை விட்டுச்செல்லாதிருத்தல் நம் கடமையாகும்.