வாசலுக்கு வந்த மருத்துவம்

சயாம்-பர்மா ரயில்பாதை என்றவுடன், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு அங்கேயே மாண்டுபோன தமிழ்த் தொழிலாளர்கள்தாம் நம் நினைவுக்கு வருவார்கள். அதே பாதையில் போர்க்கைதியாக வதைபட்டு மீண்டவர்களில் ஒருவர், வட அயர்லாந்தைச் சேர்ந்த படை மருத்துவர் பிராங்க் பான்ட்ரிட்ஜ். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் சிக்கியவர். சத்துக்குறைவால் வரும் பெரிபெரி நோய் அவருடைய இதயத்தையே தாக்கியது. உயிர் தப்பி ஊர் திரும்பியவர், பின்னாளில் பெல்ஃபாஸ்ட் ராயல் விக்டோரியா மருத்துவமனையில் இதயநோய் மருத்துவரானார்.

1960களின் தொடக்கத்தில் மாரடைப்பு நோயாளிகளுக்கென்றே தனிப் பிரிவுகள் மேலைநாட்டு மருத்துவமனைகளில் தோன்றின. இதயம் தாளம் தவறி, இரத்தத்தை உந்த இயலாமல் வெறுமனே நடுங்கும்போது மின்னதிர்ச்சி கொடுத்து நேர்செய்யும் கருவி அங்கே இருந்தது. ஆனால் அந்தக் கருவி யாருக்குத் தேவைப்பட்டதோ, அவர்களில் மிகப் பலர் அங்கே வந்து சேரவேயில்லை. முதல் ஓரிரு மணி நேரத்துக்குள் வீட்டிலோ தெருவிலோ இறந்துபோனார்கள். அந்தக் கண்டத்தைத் தாண்டியவர்களுக்கே தனிப் பிரிவு பயன்பட்டது.

நோயாளி வந்துசேர முடியாதென்றால் மருத்துவம் அவரிடம் போகட்டும் என்றார் பான்ட்ரிட்ஜ். கார் மின்கலங்களைக் கொண்டு இயங்கும் மின்னதிர்ச்சிக் கருவி ஒன்று உருவாயிற்று. எடை சுமார் 70 கிலோ. 1966 ஜனவரியில் அந்தக் கருவியும் மருத்துவரும் ஆம்புலன்ஸில் ஏறி பெல்ஃபாஸ்ட் வீதிகளுக்குள் புறப்பட்டார்கள். 1967இல் அவரும் ஜான் கெடஸும் தங்கள் அனுபவத்தை ‘லான்செட்’ இதழில் வெளியிட்டனர். 1968இல் கருவியின் எடை சுமார் மூன்று கிலோவாகக் குறைந்தது. அமெரிக்கா இம்முறையை விரைந்து ஏற்றது. சொந்த நாடோ தயங்கிற்று. பிரிட்டனின் அவசர ஆம்புலன்ஸ்கள் அனைத்திலும் இக்கருவி இடம்பெற 1990 ஆயிற்று.

2004 டிசம்பரில் பான்ட்ரிட்ஜ் மறைந்தார். முகாம் வாழ்க்கைதான் அவரை இந்த எண்ணத்துக்கு இட்டுச்சென்றது என்று சொல்வதற்கில்லை. ஆயினும் ஒன்றைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது. அந்த ரயில்பாதையில் போர்க்கைதிகளுக்கு அவரைப் போன்ற படை மருத்துவர்கள் பக்கத்தில் இருந்தார்கள். மருந்து போதவில்லை, ஆனாலும் புண்ணைக் கழுவவும், நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லவும் ஒருவர் இருந்தார். தமிழ்த் தொழிலாளர்களின் குடிசைகளில் அதுவும் அரிது. காலராவிலும் மலேரியாவிலும் அவர்கள் கொத்துக் கொத்தாக மடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பெல்ஃபாஸ்ட் வீதியில் அந்த ஆம்புலன்ஸ் ஓடியதை வாசிக்கும்போதெல்லாம், யாரும் தேடிவராத அந்தக் குடிசைகளும் கூடவே நினைவில் எழுகின்றன.