கூலிக் காசில் ஓர் ஆஸ்பத்திரி

எங்கள் தம்மம்பட்டிக்கு ரயில் கிடையாது. ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் ஆத்தூருக்குத்தான் போகணும். அந்தத் தண்டவாளம் எங்கிருந்து வருகிறது என்று யாராவது யோசித்திருப்போமா? நாட்டின் பெரும்பாலான தண்டவாளங்கள் பிலாய் உருக்காலையில் செய்தவை. அந்த ஆலைக்குப் பல்லாண்டுகள் இரும்புத் தாது கொடுத்த ஊர், இன்றைய சத்தீஸ்கரில் இருக்கும் தல்லி ராஜ்ஹரா.

பாறையை உடைத்து லாரியில் ஏற்றியவர்கள் ஒப்பந்தக் கூலிகள். 1977-ல் சங்கர் குஹா நியோகி தலைமையில் சங்கம் அமைத்துக் கூலி உயர்வு கேட்டார்கள். ஜூன் 2, 3 தேதிகளில் போலீஸ் சுட்டது. 11 பேர் செத்துப்போனார்கள். பிறகு சங்கத்தின் பெண் தலைவர்களில் ஒருவரான குசும்பாய், சரியான சிகிச்சை கிடைக்காமல் பிரசவத்தில் இறந்தார். தொழிலாளிகள் கொதித்துப்போனார்கள். ‘நமக்கென்று ஒரு ஆஸ்பத்திரி கட்டுவோம்’ என்று முடிவெடுத்தார்கள்.

கட்டலாம். டாக்டருக்கு எங்கே போவது?

டாக்டர் பினாயக் சென், நம்ம வேலூர் சி.எம்.சி.யில் படித்தவர். குழந்தைகள் மருத்துவத்தில் எம்.டி. 1976-ல் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சமூக மருத்துவ மையத்தில் சேர்ந்தார். ஆராய்ச்சி, பாடம், நல்ல சம்பளம். அப்படியே இருந்திருந்தால் பேராசிரியராக ரிட்டயர் ஆகியிருப்பார். இரண்டே வருடத்தில் உதறிவிட்டு, மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் பக்கம் காசநோயாளிகளைப் பார்க்கப் போய்விட்டார்.

காசநோய்க் கிருமி எத்தனையோ பேர் உடம்பில் சும்மா தூங்கிக்கொண்டிருக்கும். சாப்பாடு குறைந்து உடம்பு இளைத்தால் விழித்துக்கொள்ளும். மாத்திரை கிருமியைக் கொல்லும். பசியை? அதற்கு மருந்து கூலிதான். கூலியைக் கேட்டு வாங்கச் சங்கம் வேண்டும். 1981-ல் சென் தல்லி ராஜ்ஹராவுக்கு வந்து சேர்ந்தார்.

ஷிப்ட் முடிந்து வந்த தொழிலாளிகளே மண் சுமந்து, செங்கல் அடுக்கிக் கட்டினார்கள். 1983 ஜூன் 3, துப்பாக்கிச் சூட்டின் நினைவு நாளில் 15 படுக்கைகளோடு ‘ஷஹீத்’ ஆஸ்பத்திரி திறந்தது. ஷஹீத் என்றால் தியாகி.

நான் பி.காம். ஆசாமி. எதிலும் முதலில் வரவு-செலவைத்தான் பார்ப்பேன். இந்தக் கணக்கில் அரசு மானியம் இல்லை. வெளிநாட்டு நன்கொடை இல்லை. வரவுப் பக்கம் முழுக்கக் கூலிக் காசு. செலவுப் பக்கத்திலும் கறார்தான். தேவையில்லாத ஊசி கிடையாது, டானிக் கிடையாது. வயிற்றுப்போக்கா? உப்பு, சர்க்கரை கலந்த தண்ணீர் போதும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். சுரங்கத் தொழிலாளிகளே பயிற்சி பெற்றுச் சுகாதாரப் பணியாளர்கள் ஆனார்கள். சங்கம் ஒரு பக்கம் சாராயத்தை எதிர்த்தது. அதுவும் வைத்தியம்தானே!

ஆனால் இந்த வேலைக்கு விலை உண்டு. 1991 செப்டம்பர் 28 அதிகாலை, தூங்கிக்கொண்டிருந்த நியோகியைச் சுட்டுக் கொன்றார்கள்.

சென் அதற்கு முன்பே வேறு கிராமங்களுக்குப் போயிருந்தார். மனைவி இலினாவோடு சேர்ந்து சுகாதாரப் பணி, கூடவே மனித உரிமைப் பணி. 2004-ல் சி.எம்.சி. தன் பழைய மாணவருக்கு பால் ஹாரிசன் விருது கொடுத்துப் பாராட்டியது. மூன்றே வருடம். 2007 மே 14 அன்று, மாவோயிஸ்ட்டுகளுக்கு உதவினார் என்று சத்தீஸ்கர் போலீஸ் அவரைக் கைது செய்தது. நோபல் பரிசு வாங்கிய 22 பேர் அவருக்காகக் குரல் கொடுத்தார்கள். 2009-ல் ஜாமீன். 2010 டிசம்பர் 24-ல் தேசத்துரோக வழக்கில் ஆயுள் தண்டனை. 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஜாமீன் தந்தது. காந்தி புத்தகம் வைத்திருப்பவரெல்லாம் காந்தியவாதி ஆகிவிடுவாரா என்கிற ரீதியில் நீதிபதிகள் கேட்டார்கள்.

அந்த 15 படுக்கைகள் பின்னாளில் நூறைத் தாண்டின. அடுத்த முறை ஆத்தூரில் ரயில் ஏறும்போது தண்டவாளத்தைக் கொஞ்சம் குனிந்து பார்க்கப்போகிறேன். அதன் விலையில் எழுதப்படாத செலவு நிறைய இருக்கிறது.