முதலாண்டு ஆங்கிலமும் நம் முன்னோர் கடந்த வழியும்

நமது கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், சென்ற 25 ஆண்டுகளில் நம் மாலை வகுப்புகளுக்கு வந்து சென்ற மாணவ மாணவியரை நினைத்துப் பார்க்கிறோம். பள்ளி இறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்று, ஊரார் வாழ்த்தி வழியனுப்பக் கல்லூரிக்குச் சென்ற பிள்ளைகள் பலர், முதற்பருவத் தேர்வு முடிந்ததும் தலை கவிழ்ந்து நம்முன் வந்து நின்றதுண்டு. "பாடம் தெரியும், ஆங்கிலத்தில் எழுதத்தான் வரவில்லை" என்பதே அவர்கள் கூறிய காரணம். அவர்களுள் சிலர் மீண்டும் கல்லூரி வாயிலை மிதிக்கவே இல்லை. அந்தச் சிலரை இழந்த வருத்தமே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

ஆங்கிலம் வராமை அறிவின் குறையன்று. அது ஒரு வரலாற்றின் விளைவு. அவ்வரலாற்றை அறிந்தவர் தம்மைத் தாமே நொந்துகொள்ளார். தமக்கு முன் வந்தோர் அதே தடையை எவ்வாறு கடந்தனர் என்பதையும் அவர் கண்டுகொள்வார். ஆதலின் நம் இளைஞர்கள் முதற்கண் இவ்வரலாற்றை அறிதல் வேண்டும்.

வாயிலில் மாறிய மொழி

1835ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் மெக்காலே தமது புகழ்பெற்ற கல்விக் குறிப்பை எழுதினார். அடுத்த மாதம் 7ஆம் நாள் பெண்டிங்க் பிரபுவின் அரசு, கல்விக்கென ஒதுக்கிய பணத்தை ஆங்கிலக் கல்விக்கே செலவிடுவதென முடிவு செய்தது. 1854இல் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கையைத் தொடர்ந்து, 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றின. அவற்றுள் நுழைய மெட்ரிகுலேஷன் என்னும் தேர்வில் தேறுதல் வேண்டும். அத்தேர்வின் வாயிலில் காவல் நின்ற மொழி ஆங்கிலம்.

இந்தப் புதிய கதவு எல்லோர்க்கும் ஒருங்கே திறந்ததா? தலைமுறை தலைமுறையாக ஏடும் எழுத்தாணியும் பிடித்த குடும்பங்கள், அவற்றை வைத்துவிட்டு ஆங்கில நூலைக் கையிலெடுத்தன. நம் குடும்பங்களுக்கோ அன்று எந்த மொழியிலும் பள்ளி இல்லை. 1856இல் பம்பாய் மாகாணத்துத் தார்வாரில் ஒரு மகர் சிறுவன் அரசுப் பள்ளியில் சேர விரும்பி விண்ணப்பித்தான். சாதியின் பெயரால் அவனுக்கு இடம் மறுக்கப்பட்டது. அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளி எல்லா வகுப்பினர்க்கும் உரியது என்று பின்னர்க் கொள்கையளவில் ஏற்கப்பட்ட போதிலும், கொள்கை ஏட்டில் இருந்தது. பிள்ளைகள் தெருவில் இருந்தனர்.

சென்னை மாகாணத்தில் நம் மக்களின் கல்விக்கெனத் தனிச் சலுகைகளை வகுத்த அரசாணை 1893இல்தான் பிறந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 1894இல், கர்னல் ஆல்காட் அடையாற்றில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். எண்ணிப் பாருங்கள்: பிறர் ஆங்கிலத்தில் பட்டம் பெறத் தொடங்கி ஏறத்தாழ ஒரு தலைமுறை கடந்த பின்னரே நம் பிள்ளைகள் அகர முதல எழுத்தைக் கற்க அமர்ந்தனர். இன்று முதலாண்டு வகுப்பில் ஒருவர் சரளமாகப் பேசுவதும் மற்றொருவர் வாய் மூடி இருப்பதும் இந்த இடைவெளியின் எச்சமேயன்றி வேறில்லை.

முன்னோர் நடந்த பாதை

இவ்வளவு இடர்களுக்கிடையிலும் நம் முன்னோர் ஆங்கிலத்தைக் கைக்கொண்டனர். 1860இல் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் கல்வி பயின்றவர். தம் சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தால் பிற மாணவரோடு கூடி விளையாடாமல், மணியடிக்கும் வரை வெளியே ஓரிடத்தில் புத்தகத்தோடு இருந்துவிட்டு வகுப்புக்குச் சென்றதாக அவர் தம் வாழ்க்கைச் சரிதையில் குறித்துள்ளார். பின்னாளில் அவரே 1893இல் 'பறையன்' என்னும் இதழைத் தமிழில் நடத்தினார். 1930ஆம் ஆண்டு இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்து நம் மக்களுக்காக வழக்குரைத்தார். அன்று அஞ்சி ஒதுங்கி நின்ற மாணவர், பேரரசின் தலைநகரில் அவர்கள் மொழியிலேயே உரிமை கேட்டார் என்பதை நம் இளைஞர்கள் நெஞ்சில் பதித்தல் வேண்டும்.

அவர் ஆங்கிலத்தை அணிகலனாகக் கொள்ளவில்லை, கருவியாகக் கொண்டார். பொதுத்தெரு, பொதுக்கிணறு, பொதுவிடங்களில் நம்மவர்க்கும் உரிமை உண்டு என்னும் தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்தார். அக்காலத்து அரசு நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நடந்தன. அம்மொழி அறிந்தவர் ஒருவர் அந்த அவையில் இல்லாதிருந்தால், நம் குறை நம் தெருவோடு நின்றிருக்கும். பரங்கிமலையில் பிறந்து, ஆசிரியராகப் பணியாற்றிப் பின் சட்டமன்றம் புகுந்த எம்.சி. ராஜாவும், சட்டக் கல்லூரியில் ஆசிரியராக விளங்கிச் சென்னை மேயராகவும் உயர்ந்த என். சிவராஜும், இரங்கூனில் பிறந்து கல்வி கற்ற அன்னை மீனாம்பாள் சிவராஜும் இதே கருவியை ஏந்தியவர்களே.

அண்ணல் அம்பேத்கர் பெற்ற ஆங்கிலமும் பிறவியில் வந்ததன்று. அவருடைய தந்தையார் இராம்ஜி, இராணுவப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். மகனுக்கு ஆங்கில வாசகத்தையும் மொழிபெயர்ப்பையும் வீட்டிலேயே பயிற்றினார். மகன் கேட்ட நூலை வாங்கப் பணமில்லாதபோது, மணமாகிச் சென்ற பெண்மக்களிடம் கடன் கேட்பார்; அவர்களிடமும் பணம் இல்லையெனில் நகையைப் பெற்று அடகு வைப்பார்; ஓய்வூதியம் வந்ததும் மீட்டுத் தருவார். பம்பாய்ப் பரேலில் தொழிலாளர் குடியிருப்பின் ஒற்றை அறையில், மற்றவர் உறங்கும் நேரத்தில் விழித்து அவர் படித்தார். 1907இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் அவர் பெற்றவை 750க்கு 282 மதிப்பெண்கள். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. பெருமையோடு எடுத்துச் சொல்லலாம். அந்த மதிப்பெண்ணோடு எல்பின்ஸ்டன் கல்லூரியில் நுழைந்தவருக்கு, பரோடா மன்னர் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை அளித்தார்; பேராசிரியர் முல்லர் நூல்களைக் கொடுத்து உதவினார். 1912இல் பி.ஏ. பட்டம், 1913இல் கொலம்பியாப் பல்கலைக்கழகம், 1916இல் சாதி பற்றிய ஆய்வுரை என அவர் ஏறிய படிகளை உலகம் அறியும்.

இங்கு நாம் காணவேண்டிய உண்மை ஒன்று உண்டு. அண்ணலின் உழைப்பு அவருடையதே. ஆயினும் தந்தையின் கற்பித்தல், தமக்கையரின் நகை, மன்னரின் உதவித்தொகை, பேராசிரியரின் நூல் ஆகிய அனைத்தும் அவ்வுழைப்புக்குத் தாங்கு கட்டையாய் நின்றன. தனித்து நின்று எவரும் இத்தடையைத் தாண்டியதில்லை. இதனை அவர் தாமும் நன்கு அறிந்திருந்தார். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தபோது, வேலைக்குச் செல்லும் ஏழை மாணவரும் படிக்கும் பொருட்டு அங்குக் காலை நேர வகுப்புகளுக்கு வழி செய்தார். தாம் பெற்ற துணையை நிறுவனமாக்கி அடுத்தவர்க்கு அளித்தார் என்பதே இதன் பொருள்.

இன்டர்மீடியட் முதல் இன்று வரை

சுதந்திரத்திற்குப் பின் கதவு அகன்றது, பூட்டு மாறவில்லை. தாழ்த்தப்பட்ட மாணவர்க்கு மெட்ரிக்குக்குப் பிந்தைய உதவித்தொகையை 1944இல் இந்திய அரசு தொடங்கியிருந்தது. அதன் துணையாலும், அரசு விடுதிகளின் துணையாலும், நம் பிள்ளைகள் கல்லூரிகளுக்கு வரலாயினர். முன்பு ஈராண்டு இன்டர்மீடியட் இருந்தது. பின்னர் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்க்குப் பி.யூ.சி. என்னும் ஓராண்டுப் புகுமுக வகுப்பு வந்தது. பதினோராண்டு தமிழில் படித்துவிட்டு, ஒரே கோடை விடுமுறைக்குப்பின் இயற்பியலையும் வரலாற்றையும் ஆங்கிலத்தில் கேட்கும் நிலை அந்த ஓராண்டில் உண்டாயிற்று. "பி.யூ.சி. பெயில்" என்னும் சொல் நம் சேரிகளிலும் சிற்றூர்களிலும் ஒரு பட்டப்பெயர் போலவே வழங்கியது. அவ்வாறு அழைக்கப்பட்டவருள் கணிதத்தில் வல்லவர் இருந்தனர். நாவன்மை மிக்கவர் இருந்தனர். அவர்களை நிறுத்தியது மொழியின் திடீர் மாற்றமே.

இக்குறையை ஆட்சியாளர் அறியாதிருக்கவில்லை. 1958இல் ஐதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் அமைக்கப்பட்டது. அதன் பின், சென்னை மாநிலத்தில் ஆயிரக்கணக்கான தொடக்கப் பள்ளி ஆசிரியர்க்கு ஆங்கிலம் கற்பிக்கும் புதிய முறையில் பயிற்சியளிக்கும் பெருமுயற்சி நடந்தது. மற்றொரு புறம், 1960இல் கோயம்புத்தூர் அரசு கலைக் கல்லூரியில் பட்ட வகுப்புக்குத் தமிழ் பயிற்றுமொழியானது; கல்லூரிப் பாடநூல்கள் தமிழில் வெளியாயின. தமிழ்வழிக் கல்வி நம் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலரை உருவாக்கியது. அந்த நன்றியை நாம் மறத்தலாகாது. ஆயினும் பகுதி இரண்டு ஆங்கிலத்தில் தேறாமல் பட்டம் இல்லை என்னும் விதி நின்றது. மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்திலேயே நடந்தன. 1978இல் மேல்நிலைக் கல்வி வந்து பி.யூ.சி. மறைந்தபின், அந்தத் தடை பட்டப்படிப்பின் முதலாண்டுக்கு இடம் பெயர்ந்தது, அவ்வளவே.

இன்று நிலைமை மேலும் கூர்மையடைந்திருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு இடங்களை மருத்துவப் படிப்பில் 2020இலும், பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 2021இலும் தமிழக அரசு ஒதுக்கிச் சட்டம் செய்தது. தமிழில் படித்த நம் பிள்ளைகள் முன் எப்போதும் கண்டிராத வகுப்பறைகளில் இன்று அமர்கின்றனர். இடம் கிடைத்தது வெற்றியின் பாதி. முதலாண்டைக் கடப்பதே மறுபாதி.

கடக்கும் வழி

வரலாறு கற்பிக்கும் வழிகளைச் சுருங்கச் சொல்வோம்.

முதலாவது, தமிழை விட்டுவிட்டு ஆங்கிலத்திற்குத் தாவுதல் கூடாது. கருத்தை முதலில் தமிழ் நூலில் தெளிவுறப் படித்துவிட்டு, அதே பகுதியை ஆங்கில நூலில் படியுங்கள். பொருள் முன்பே தெரிந்திருப்பதால் சொற்கள் தாமே வழிவிடும். தந்தையார் இராம்ஜி மகனுக்கு மொழிபெயர்ப்புப் பயிற்சி அளித்ததன் நுட்பம் இதுவே.

இரண்டாவது, மனப்பாடத்தை மட்டும் நம்புதல் கூடாது. நோட்ஸை உருப்போட்டு எழுதியவர், வினா சிறிது மாறினாலும் திகைத்து நின்றதைப் பல ஆண்டுகளாகக் கண்டுள்ளோம். நாளொன்றுக்குப் பத்து வாக்கியம் சொந்தமாக எழுதுங்கள். தமிழில் வினைச்சொல் இறுதியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வரும். தமிழ் வாக்கியத்தை மனத்தில் அமைத்துச் சொல்லுக்குச் சொல் மாற்றுவதால்தான் பிழைகள் மிகுகின்றன. எழுவாய், வினை, பிறகு மற்றவை என்னும் வரிசை கைக்கு வந்துவிட்டால் பாதிப் பிழைகள் ஒழியும். தொடக்கத்தில் சிறு வாக்கியங்களே போதும். நீண்ட வாக்கியம் புலமைக்கு அடையாளமன்று.

மூன்றாவது, வினாத்தாளின் மொழியை அறியுங்கள். 'விளக்குக', 'ஒப்பிடுக', 'விவாதிக்க', 'வரையறு' என்பவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்களின் வேறுபாடு தெரியாமல், விடை தெரிந்தும் மதிப்பெண் இழந்தவர் பலர். பழைய வினாத்தாள்களை எடுத்துவைத்து இச்சொற்களைத் தனியே எழுதிப் பழகினால் ஒரு மாதத்தில் இக்குறை நீங்கும்.

நான்காவது, காதைப் பழக்குங்கள். வகுப்பில் ஆசிரியர் கூறுவது புரியாவிடினும் கேட்ட சொல்லைத் தமிழ் எழுத்திலேனும் குறித்துக்கொண்டு, அன்று மாலையே அகராதியில் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் போன்ற நூல்கள் பல நூலகங்களில் உள்ளன.

ஐந்தாவது, வாய் திறவுங்கள். தவறாகப் பேசினால் நகைப்பார்களே என்று அஞ்சி மூன்றாண்டும் கடைசி இருக்கையில் மௌனமாய் இருந்தவர்களை நாம் அறிவோம். நகைப்பவர் ஒரு நாள் நகைப்பார். மௌனம் வாழ்நாள் முழுதும் தொடரும்.

சங்கத்தின் கடமை

இவையனைத்தும் மாணவர் கடமை. ஆனால் மாணவரை மட்டும் குறை கூறிவிட்டு நாம் அமைதி கொள்ளலாகாது. அந்தச் சில பிள்ளைகள் கல்லூரியை விட்டு நின்றபோது, அவர்களுடைய வீட்டுக்குச் சென்று ஒருமுறை கேட்டிருந்தால், ஒரு பருவம் உடனிருந்து எழுதப் பழக்கியிருந்தால், அவர்கள் இன்று பட்டதாரிகளாய் இம்மலரில் எழுதிக்கொண்டிருப்பர். பருவத் தேர்வுக்குப் பின்னரே நாம் அவர்களைக் கண்டோம். சேர்க்கைக்கு முன்பே கண்டிருத்தல் வேண்டும். இக்குறையை வெள்ளி விழா மேடையிலேயே ஒப்புக்கொள்வது நமக்கு இழிவன்று.

ஆதலின் வருங்காலத்தில் மேல்நிலைத் தேர்வு முடிந்த கோடையிலேயே ஆங்கில வகுப்பைத் தொடங்குதல் வேண்டும். முதலாண்டு மாணவர் ஒவ்வொருவர்க்கும், அப்படிப்பை முடித்த நம் சமுதாயத்து மூத்தவர் ஒருவர் வாரம் ஒரு நாள் துணையிருத்தல் வேண்டும். ஆங்கிலம் கற்று அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் உயர்ந்திருக்கும் அன்பர்களே, நீங்கள் சங்கத்திற்கு அளிக்கும் நன்கொடையினும் அந்த ஒருநாள் மாலை பெரிது.

இளைஞர்களே! மணியடிக்கும் வரை வெளியே புத்தகத்தோடு ஒதுங்கியிருந்த ஒரு மாணவர், பின்னாளில் வட்டமேசையில் அமர்ந்தார். நீங்கள் ஒதுங்கி இருக்க வேண்டிய காலம் போயிற்று. வகுப்பறைக்குள் நுழைந்து முன் இருக்கையில் அமருங்கள். ஆங்கிலம் வரவில்லையென்றால், வரவில்லை என்று நாணமின்றிச் சொல்லுங்கள். கற்பிக்க நாங்கள் இருக்கிறோம். கற்றபின், உங்களுக்கு அடுத்து வரும் தம்பிக்கும் தங்கைக்கும் கற்பிக்க நீங்கள் வாருங்கள்.