சுருள் கேப்பும் சுழல் துப்பாக்கியும்

தீபாவளிக் கடைகளில் தொங்கும் விளையாட்டுத் துப்பாக்கியை, மாணவர்களே, நீங்கள் கூர்ந்து நோக்கியதுண்டா? வளைந்த கைப்பிடி, நடுவே உருளை, கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்கும் சுத்தி ஆகியவற்றைப் பெற்றவை பலவும், 1873ஆம் ஆண்டில் அமெரிக்கக் கோல்ட் தொழிற்சாலை வெளியிட்ட சுழல் துப்பாக்கியின் சாயலைக் கொண்டவை. அத்துப்பாக்கியின் மெய்யான நகல்களை இத்தாலி நாட்டார் இன்றும் செய்து விற்கின்றனர். அமெரிக்காவில் கௌபாய் வேடம் புனைந்து குறிபார்த்துச் சுடும் போட்டிகள் நடைபெறுகின்றன. அவற்றில் ஆளுக்கு இரண்டு சுழல் துப்பாக்கிகள் தேவையாதலால், அவை அங்கே இணையாகவே விலைபோவதுண்டு. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் இருக்கிறது. குண்டு பாயும் துப்பாக்கியை உரிமமின்றி வாங்கவும் இயலாது, விற்கவும் இயலாது. நமக்கு வாய்த்தது கேப்புத் துப்பாக்கிதான். ஆயினும் அதன் வரலாறு சிறிதன்று.

பழைய துப்பாக்கிக்குத் திரியோ சிக்கிமுக்கிக் கல்லோ நெருப்பூட்டியது. பறவை வேட்டையில் விருப்பமுடைய ஃபோர்சைத் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், தட்டிய மாத்திரத்தில் வெடிக்கும் மருந்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தும் முறைக்கு 1807இல் காப்புரிமை பெற்றார். (பாதிரியாருக்கு இந்த ஆராய்ச்சி எதற்கென்று கேளாதீர்கள்!) பின்னர் அம்மருந்தைச் சின்னஞ்சிறு செப்புத் தொப்பியில் அடைத்தனர். தொப்பிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே நம் நாவில் 'கேப்பு' ஆயிற்று. 1845இல் மேனார்டு என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், காகித நாடாவில் மருந்தைப் பொட்டுப் பொட்டாக வைத்துச் சுருட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஈரம் பட்டால் காகிதம் கெட்டது; எனவே போர்ப்படை அதனைக் கைவிட்டது. குழந்தைகள் கைவிடவில்லை. நீங்கள் வாங்கும் சுருள் கேப்பு அந்த நாடாவின் வழித்தோன்றலே.

இச்சுருள் நம் விருதுநகர் மாவட்டத்தில் உருவாவதில் ஒரு விந்தை உண்டு. இங்குள்ள ஏழாயிரம்பண்ணை முன்னர் ஒரு பாளையம். பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்த 1799இல் கும்பினியார் அதனையும் பறிமுதல் செய்தனர். 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை, பாளையத்தார் படைக்கலம் தாங்குவதையே தடுத்தது. கோட்டைகள் இடிக்கப்பட்டன, வேலும் திரித்துப்பாக்கியும் பறிக்கப்பட்டன. மருந்து வாடையே கூடாதென்று விதிக்கப்பட்ட அவ்வட்டாரத்தில் இன்று பட்டாசு ஆலைகள் நிறைந்திருக்கின்றன.

இதற்கு வழிவகுத்தது தீப்பெட்டி. வானம் பொய்த்த கரிசல் பூமியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, 1920களின் தொடக்கத்தில் சிவகாசி திரும்பினர். தீக்குச்சியின் முனையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட்டு. பெட்டியின் பக்கவாட்டில் பூசியிருப்பது சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டையும் பிரித்து வைத்ததில்தான் தீப்பெட்டியின் பாதுகாப்பே அடங்கியிருக்கிறது. கேப்பிலோ அவ்விரண்டும் ஒரே பொட்டில் சேர்ந்திருக்கின்றன! ஆகையால் அம்மருந்தை நீர்விட்டுக் குழைத்த நிலையிலேயே கையாளுகின்றனர். ஈரம் உள்ளவரை அது வெறும் சேறு. உலர்ந்தபின் ஓர் உராய்வே போதும். சிந்திய துளி மேசை இடுக்கிலோ, தரையிலோ, உடுத்திய துணியிலோ காய்ந்து கிடந்தால், பொட்டு வைக்கும் தொழிலாளியின் விரலுக்கும் கண்ணுக்கும், சில வேளை உயிருக்குமே அது யமனாகும். குவித்து உலர்த்திய தாள்களில் ஒன்று பற்றினால் மற்றவை அனைத்தும் கணத்தில் வெடிக்கும். நெல்மணியினும் சிறிய அப்பொட்டு, நம் வீட்டுத் திண்ணையில் 'பட்' என்ற ஓசையோடு அடங்கிவிடுகிறது.