பிரேரிக் குளோவரின் இனங்கள்

வட அமெரிக்காவின் நடுப்பாகத்திற் பரந்து கிடக்கும் பிரேரிப் புல்வெளிகளிலே, கோடை காலத்திற் கதிர் போன்ற பூங்கொத்துகளைத் தாங்கி நிற்கும் செடிகளுண்டு. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த அவற்றைப் பிரேரிக் குளோவர் என்பர். கதிரின் அடியிலிருந்து நுனிவரை பூக்கள் வளையம் வளையமாக மலர்ந்து செல்லும்.

பிரெஞ்சுத் தாவரவியலறிஞர் அந்திரே மிஷோ 1785 முதல் 1796 வரை அமெரிக்காவில் அலைந்து செடிகளைத் திரட்டினார். அவர் மறைந்தபின் 1803 இல் வெளிவந்த அவரது நூல், இவற்றுக்குப் ‘பெற்றலோஸ்தெமன்’ எனச் சாதிப்பெயர் தந்தது. அல்லியும் கேசரமும் இணைந்திருத்தலை அப்பெயர் குறித்தது. 1977 இல் ரூபேட் பார்ன்பி இச்சாதியை ‘டேலேயா’ என்னும் பழைய சாதியுள் அடக்கினார். பெயர் மாறினும், இனங்களைப் பிரித்தறியும் பணி மாறவில்லை.

வெள்ளை இனத்தைப் பூவின் நிறமே காட்டிக்கொடுக்கும். ஊதா நிறப் பூக்களையுடைய இனங்களோ பல. அவற்றுட் பரவலாகக் காணப்படுவதன் கூட்டிலையில் ஒடுங்கிய சீறிலைகள் மூன்று முதல் ஏழு வரையே இருக்கும். தெனெசி மாநிலத்து மருத்துவர் கற்றிங்கரின் பெயர்கொண்ட இனத்தின் தண்டுகள் நிலத்திற் படர்ந்து கிடக்கும். இலைமலி இனத்திலோ சீறிலைகள் இருபதுக்கும் மேற்படும்.

இவ்வெண்ணிக்கை வீண் நுணுக்கமன்று. இலைமலி இனம் தெனெசி, அலபாமா, இலினோய் மாநிலங்களிற் சுண்ணக்கல்லை மூடிய மெல்லிய மண்ணிலே அருகி வாழ்வது. 1991 இல் அமெரிக்க அரசு அதனை அழியும் நிலையிலுள்ள இனமெனச் சட்டப்படி அறிவித்தது. நிறத்தை மட்டுமே நோக்குபவர், அரியதனை எளியதென எண்ணி அழியவிடுவர். சீறிலைகளை எண்ணுபவரே அதனைக் காப்பர்.