மூளையதிர்வின் வரலாற்றில் கழுத்து எங்கே போச்சு?

கன்கஷன், அதாவது மூளையதிர்வு பற்றிப் படிக்க ஆரம்பிச்சா எல்லாரும் முதலில் 1928-க்குத்தான் போவாங்க. அமெரிக்காவின் நியூவார்க்கைச் சேர்ந்த மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட், குத்துச்சண்டைக்காரர்களின் தள்ளாட்டத்தையும் மனத் தடுமாற்றத்தையும் பற்றி 'பஞ்ச் டிரங்க்' என்ற தலைப்பில் எழுதிய வருஷம் அது. எனக்கு முக்கியமாகப் படுவது 1941.

அந்த வருஷம் டென்னி-பிரவுன், ரிச்சி ரஸ்ஸல் என்ற இருவர் ஆக்ஸ்ஃபோர்டில் விலங்குகளிடம் செய்த சோதனைகளை வெளியிட்டாங்க. தலை அசைய இடம் இருக்கும்போது அடி விழுந்தால் மூளையதிர்வு வந்தது. தலையை அசையாமல் பிடித்துவிட்டால் அப்படி எளிதில் வரலை. 1943-ல் அதே ஊர் இயற்பியலாளர் ஹோல்போர்ன், ஜெலட்டினில் மூளை மாதிரி செய்து, தலை சட்டென்று சுழலும்போது உள்ளே எங்கெல்லாம் இழுபடும் என்று காட்டினார்.

சரி, தலையைப் பிடித்து வைத்திருப்பது எது? கழுத்துதானே! இந்தக் கேள்வி பள்ளி மைதானத்தில் பெரிய அளவில் அளந்து பார்க்கப்பட எழுபது வருஷம் ஆச்சு. 2014-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், கால்பந்து, கூடைப்பந்து, லக்ராஸ் ஆடும் 6,704 உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் கழுத்தை அளந்தாங்க. கழுத்து வலிமை ஒரு பவுண்டு கூடக்கூட மூளையதிர்வுக்கான வாய்ப்பு 5 சதவீதம் குறைந்திருந்தது. இது ஒரு தொடர்பு, அவ்வளவுதான். கழுத்துப் பயிற்சி செய்தால் கவசம் போட்ட மாதிரி என்று யாராவது சொன்னால் நம்பிடாதீங்க.

அடிபட்ட பிறகும் கழுத்துக்கு வேலை இருக்கு. தலையை உலுக்கும் விசை கழுத்துத் தசையையும் மூட்டையும் சும்மா விடுமா? தலைவலி, தலைசுற்றல் இதெல்லாம் மூளையால் வருதா, கழுத்தால் வருதா என்று பிரிப்பதே கஷ்டம். அதே 2014-ல் கனடாவின் கால்கரியில் ஒரு சின்ன ஆய்வு. அறிகுறி தீராத 12 முதல் 30 வயது வரையிலான 31 பேர். கழுத்துக்கு பிசியோதெரபியும் சமநிலைப் பயிற்சியும் பெற்ற 15 பேரில் 11 பேருக்கு, 8 வாரத்துக்குள் மறுபடி விளையாட மருத்துவ அனுமதி கிடைச்சது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற 14 பேரில் ஒருத்தருக்குத்தான். சின்ன எண்ணிக்கைதான், ஆனாலும் ஒதுக்கிவிட முடியாத வித்தியாசம்.

இதெல்லாம் முதல் படியைத் தாண்டிய பிறகுதான். 2006-ல் வாஷிங்டன் மாநிலத்தில் 13 வயது ஸக்கரி லிஸ்டெட், தலையில் அடிபட்டும் அதே அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தில் திரும்ப இறங்கினான். ஆட்டம் முடிந்ததும் சரிந்தான், மூளையில் ரத்தக்கசிவு. உயிர் பிழைத்தான், பழைய வாழ்க்கை திரும்பலை. சந்தேகம் வந்தாலே பிள்ளையை வெளியே எடுக்கணும், மருத்துவ அனுமதி இல்லாமல் இறக்கக் கூடாது என்ற சட்டம் 2009-ல் அவன் பெயரில் வந்தது.

இருட்டறையில் நாள்கணக்கில் படுக்க வைக்கும் பழக்கமும் இப்போ போயிடுச்சு. ஓரிரு நாள் ஓய்வு, பிறகு மெதுவான நடை. உங்க வீட்டுப் பிள்ளைக்கு வாரக்கணக்கில் தலைவலி நிற்கலைன்னா, டாக்டரிடம் மறக்காம ஒண்ணு கேளுங்க: "கழுத்தைப் பார்த்தீங்களா?"